ஒரு எம்.பி., ஆறு தொகுதி: உழவர் ஓட்டின் எடை என்ன?

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் தொழிற்சாலை மதில்களுக்கு நடுவே இன்றும் நெல் வயல்கள் உண்டு. அவற்றுக்குத் தண்ணீர் தரும் ஏரிகளும் உண்டு. தேர்தல் வந்தால் இந்த வயல்காரர்களும் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் அந்த ஓட்டு எங்கே போய்ச் சேருகிறது, எந்தப் பிரச்சினைக்கு எந்தத் தேர்தல் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

ஆறில் ஒன்று

2008-ஆம் ஆண்டு தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன: மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், ஸ்ரீபெரும்புதூர். முதல் ஐந்தும் சென்னையும் அதன் புறநகரும். ஏரும் ஏரியும் உள்ள கிராமங்கள் பெரும்பாலும் ஆறாவது தொகுதியில்தான். 2024 மக்களவைத் தேர்தலில் இங்கு 23 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள். தமிழகத்திலேயே பெரிய தொகுதி இதுதான்.

ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், மெட்ரோ ரயில், பாதாள சாக்கடை, போக்குவரத்து நெரிசல் பற்றித்தான் முதலில் பேசுவார். ஓட்டு அங்கேதான் குவிந்து கிடக்கிறது. வரத்துக் கால்வாய் அடைபட்டதும், சொர்ணவாரி நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் திறக்காததும் கடைசி வரியில்கூட வருவதில்லை.

அமெரிக்காவில் ஒரு சிறு மாநிலம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கறவை மாடும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த கிராமப்புற மாநிலம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 6.43 லட்சம். அதாவது ஸ்ரீபெரும்புதூர் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்நாட்டு நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள். மக்கள்தொகைப்படி அமையும் கீழவையில் வெர்மான்ட்டுக்கு ஒரே ஓர் உறுப்பினர். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். மேலவையான செனட்டில் எல்லா மாநிலத்துக்கும் ஆளுக்கு இரண்டு இடம். பதவிக்காலம் ஆறு ஆண்டு. கிட்டத்தட்ட நான்கு கோடி பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு, வெர்மான்ட்டுக்கும் இரண்டு.

இதன் பலன் வேளாண்மையில் தெரிந்தது. வெர்மான்ட் செனட்டரான பேட்ரிக் லேஹி 1987 முதல் 1995 வரை செனட்டின் வேளாண் குழுத் தலைவராக இருந்தார். அமெரிக்கா முழுவதற்கும் இயற்கை விளைபொருள் தரத்தை வகுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் முயற்சியில் வந்தது. சின்ன மாநிலத்துப் பண்ணைக்காரர்களின் குரல் நாட்டின் சட்டமானது.

நம் மாநிலங்களவை அப்படி அமைந்தது அல்ல. அங்கும் மக்கள்தொகையை ஒட்டியே இடங்கள். தமிழகத்துக்கு 18, உத்தரப் பிரதேசத்துக்கு 31. அந்த உறுப்பினர்களையும் எம்.எல்.ஏ.க்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, எண்ணிக்கையில் சிறுத்துவரும் உழவருக்கு நம் ஏற்பாட்டில் தனி எடை எதுவும் கிடையாது. இருக்கிற ஓட்டைச் சரியான இடத்தில் பயன்படுத்துவதே வழி.

எந்த ஓட்டு எதற்கு?

உர மானியம், குறைந்தபட்ச ஆதரவு விலை, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டம் ஆகியவை மத்திய அரசின் கையில். இவற்றை எம்.பி. வேட்பாளரிடம் கேட்க வேண்டும். நிலம் சொந்தப் பெயரில் இல்லாத குத்தகைதாரருக்கு பி.எம். கிசான் கிடைப்பதில்லை என்பதும் அவரிடம் வைக்க வேண்டிய கேள்வியே. நிலத்தை விற்றவர் ஒருவர், உழுபவர் இன்னொருவர் என்று ஆகிவிட்ட இந்தப் பகுதிக்கு அது முக்கியம்.

சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது, இலவச மின்சாரம், நேரடி நெல் கொள்முதல் நிலையம், பெரிய ஏரிகள் ஆகியவை மாநில அரசின் பொறுப்பு. இவற்றுக்கு எம்.எல்.ஏ. ஓட்டுதான். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வருபவை. அங்கே ஒன்றியக் கவுன்சிலர், ஊராட்சித் தலைவர் தேர்தல்தான் மதகையும் கரையையும் தீர்மானிக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது.

இன்னொரு தேர்தலும் உண்டு, பலர் மறந்துவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி அமையும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கு ஆயக்கட்டு நில உரிமையாளர்களே வாக்காளர்கள். நகரத்து ஓட்டு இதில் வராது.

புறக்கணித்தால் என்ன ஆகும்?

ஏகனாபுரம், பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் கேட்கப்பட்ட ஊர்களில் ஒன்று. 2022-இல் அறிவிப்பு வந்ததில் இருந்து போராடிவரும் இவ்வூர் மக்கள், கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். 2024 ஏப்ரல் 19-இல் மக்களவைத் தேர்தலையும் புறக்கணித்தார்கள். மிகச் சிலரே ஓட்டுப் போட்டார்கள். அந்த வெற்றுப் பெட்டி நாடு முழுக்கச் செய்தியானது. ஆனால் திட்டம் நிற்கவில்லை. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. ஓர் ஊரின் ஓட்டு விழாததால் எந்த வேட்பாளரும் தோற்கவில்லை என்பதுதான் கசப்பான உண்மை. புறக்கணிப்பு கவனத்தை ஈர்க்கும்; கணக்கை மாற்றாது. ஆயக்கட்டு ஊர்கள் பத்துப் பதினைந்து ஒரே கோரிக்கையோடு நின்றால், சட்டமன்றத் தேர்தலில் அது கணக்கில் வரும்.

இப்போதே செய்யக்கூடியவை

* கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஏரி, கால்வாய் பற்றிய தீர்மானத்தைச் சர்வே எண்ணோடு எழுதிப் பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள்.

* தமிழகத் தொழில் நில எடுப்புச் சட்டம், 1997-இன் கீழ் அறிவிப்பு வந்தால், 3(2) பிரிவின்படி காரணம் கேட்கும் கட்டத்திலேயே எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கோப்பில் ஏறாது.

* பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றிலும் பெயரும் பயிரும் சரியாக உள்ளதா என்று பாருங்கள். அடங்கலில் தரிசு என்று இருந்தால், விளையும் நிலம் என்று வாதாடுவது கடினம்.

* மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், தனித்தனி மனுவாக இல்லாமல் ஏரி வாரியாக ஒரே மனு கொடுங்கள்.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இந்தத் தீர்மான நகலை நீட்டி, "இதில் எதைச் செய்வீர்கள், எப்போது?" என்று கேட்கலாம். கையில் காகிதம் இருந்தால், ஐந்து ஆண்டு கழித்து அதே கேள்வியை மீண்டும் கேட்க முடியும்.