கயாக் வாங்குகிறீர்களா? பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

திருவிடைமருதூரில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் மஞ்சள் நிறக் கயாக் ஒன்று கிடந்தது. ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். வீரசோழன் ஆற்றில் தூண்டில் போட்டு வளர்ந்தவர். இனி ஞாயிறுதோறும் தரங்கம்பாடிக்குப் போய்க் கடல்மீன் பிடிக்கப் போகிறாராம். விற்றவரின் விளம்பரத்தில் ‘கடல் மீன்பிடிப்புக்கு உகந்தது’ என்றிருந்ததாகச் சொன்னார். பெட்டியைத் திருப்பினேன். ஓரத்தில் எறும்பு மாதிரி எழுத்தில், ‘அமைதியான நீர்நிலைக்கு மட்டும்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. மனிதர் அதைப் படிக்கவே இல்லை. உயிர் பிழைப்பதும், பிறகு வழக்கு நிற்பதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கடலுக்கு எது தோது என்பதை நம் கரையின் கட்டுமரமே சொல்லும். மரங்களைக் கயிற்றால் பிணைத்த அந்தக் கலத்தில் தண்ணீர் தங்க இடமே கிடையாது. ஏறிய அலை இடுக்கு வழியே இறங்கிவிடும். 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் அருகிப்போனது. ஆனால் மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் அதே சூட்சுமம்தான்: தட்டில் வடிகால் துளைகள், அடியில் மூடிய காற்றுக்கூடு. காலை உள்ளே நீட்டி உட்காரும் வகையில் ஓர் அலை புகுந்தால் அது தொட்டியாகிவிடும். ஆழத்தில் மிதந்தபடி தண்ணீரை இறைத்துவிட்டு மறுபடி ஏறுவது பழக்கமில்லாதவருக்கு ஆகிற காரியமில்லை.

காற்றடைக்கும் ரகம் விலை குறைவு. தூண்டில் முள்ளும் கெளுத்தி முள்ளும் புழங்கும் இடத்தில் அது வேண்டாம். மாடியில் நிற்கும் தண்ணீர்த்தொட்டியைப் போலவே வார்க்கும் பாலிஎத்திலீன் உடல் அடி தாங்கும். பத்துப் பன்னிரண்டு அடி நீளம், இரண்டரை அடிக்குக் குறையாத அகலம் போதும். எடைத்திறன் 150 கிலோ என்று போட்டிருந்தால் ஆள், தூண்டில், ஐஸ்பெட்டி எல்லாம் சேர்த்து நூறு கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்கியதும் இடுப்பளவுக் குளத்துநீரில், கூட ஓர் ஆளை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்த்து ஏறிப் பாருங்கள். அங்கே ஏற முடியாதவர் கடலில் ஏற மாட்டார். உயிர்க்கவச உடையை முடிச்சுப் போட்டு அணிய வேண்டும். மடியில் வைத்திருந்து பயனில்லை.

ஆற்றுக்காரரை ஏமாற்றுவது காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரம் தண்ணீர் பாய் விரித்தாற்போலக் கிடக்கும். போகும்போது துடுப்பு போடவே வேண்டாம், சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் கை ஓயும். அந்த மாதங்களில் கயாக்கை இறக்காமலிருப்பதே புத்தி. மற்ற நாட்களிலும் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். ஊர் மீனவர் ஒருவரிடம் கேளுங்கள். வலை எங்கே விட்டிருக்கிறது, கல் எங்கே கொட்டியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கரையிலிருந்து 3 கடல்மைல் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. அது நாட்டுப்படகுக்காரரின் பிழைப்புக்கான இடம். அங்கே நாம் விருந்தாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலமும் விசைப்படகுகளுக்கானதுதான். இருந்தாலும் உங்கள் கயாக்குக்குப் பதிவு வேண்டுமா, பிடித்த மீனை விற்கலாமா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இனி அந்த மஞ்சள் கயாக். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020 மின்வணிக விதிகள். விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; திருவிடைமருதூர்க்காரருக்கு அது தஞ்சாவூர். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். நாம் முதலில் எடைக்குப் போடுவது பெட்டியைத்தான். எச்சரிக்கையைப் பார்த்த பிறகும் அதே கயாக்கைக் கடலில் இறக்கி அடிபட்டால், ‘தவறாகப் பயன்படுத்தினார்’ என்று விற்றவர் நழுவச் சட்டத்திலேயே வழியிருக்கிறது.

எந்த நேரத்துக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டு எண்களையும் அந்த ஆளிடமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.