தடை வந்தும் தொடரும் ஆஸ்பெஸ்டாஸ் மரணங்கள்

நுரையீரலின் உறையைத் தாக்கும் 'மீசோதீலியோமா' என்ற புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் தூசு. பிரிட்டனில் 1968-ல் இந்த நோயால் இறந்தவர்கள் 153 பேர். 2010-களிலோ ஆண்டுக்குச் சுமார் 2,500 பேர்! இத்தனைக்கும் 1999-லேயே அங்கு ஆஸ்பெஸ்டாஸை முழுமையாகத் தடை செய்துவிட்டார்கள்.

பிறகு ஏன் இவ்வளவு சாவு? அந்த நுண்ணிய நார்கள் மூச்சோடு உள்ளே போனபின், நோய் தலைகாட்ட 30, 40 ஆண்டுகள்கூட ஆகலாம். 1970-களில் கப்பல் கட்டும் தளங்களிலும் கட்டட வேலையிலும் இருந்தவர்கள், பேரன் பேத்தி எடுத்த பிறகு மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போகிறார்கள். தொழிற்சாலைப் பக்கமே போகாமல், கணவரின் வேலை உடுப்பை உதறித் துவைத்த மனைவிகளும் பலியாகியிருக்கிறார்கள். இதுதான் கொடுமை.

இந்த நோயின் இறப்பு விகிதத்தில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் முன்வரிசையில் இருக்கின்றன. அங்கே நோயைக் கண்டறிந்து, முறையாகப் பதிவும் செய்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் இந்தியாவில் கணக்கு சிறியதாகத் தெரிந்தால், அதில் நிம்மதிப்பட ஒன்றுமில்லை. இங்கே கண்டறியப்படுவதே குறைவு.

உங்கள் வீட்டுக் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா? பதற வேண்டாம். விரிசல், உடைசல் இல்லாதவரை தூசு அதிகம் பறக்காது. அறுப்பதும் துளை போடுவதும்தான் ஆபத்து. மாற்றுவதாக இருந்தால், தண்ணீரில் நனைத்து, உடைக்காமல் முழுசாகக் கழற்றச் சொல்லுங்கள். அந்த நேரம் குழந்தைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.