அந்த வீட்டை யார் நடத்துவது?

சன் டிவியில் 2022 பிப்ரவரியில் ‘எதிர்நீச்சல்’ தொடர் தொடங்கியபோது, பார்த்தவர்களிடையே ஒரு வாக்குவாதமும் தொடங்கியது: அதில் வரும் குடும்பத்தை நடத்தத் தகுதியானவர் யார்?

மூத்தவர் ஆதி குணசேகரன். சொத்தும் முடிவும் அவர் கையில். அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்துவின் ‘இந்தாம்மா ஏய்’ அதட்டல் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. 2023 செப்டம்பரில் அவர் மறைந்த பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். மிரட்டலுக்கு வீடு அடங்கியது உண்மைதான். ஆனால், அடங்குவது வேறு, நம்பிப் பின்தொடர்வது வேறு.

மருமகள்களில் ஜனனிக்குத் துணிச்சல் அதிகம்; நந்தினியோ மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். ஆனாலும் தலைமைக்கு ஈஸ்வரியே பொருத்தம். குணசேகரனின் மனைவியாகப் பல ஆண்டுகள் எல்லாவற்றையும் பொறுத்தவர். யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் வாய் திறந்தபோது மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது.

குணசேகரனுக்கு மூத்தவர் என்பதால் வந்ததுபோல, பிறப்பால் வரும் தலைமை தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கும் புதிதல்ல. அங்குள்ள பரதவர் சமூகத்துக்குப் பரம்பரையாகச் சாதித் தலைவர் இருந்தார். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என அடுத்தடுத்து வந்த ஆட்சியாளர்களிடம் மக்களுக்காகப் பேசியவரும் அவர்தான். பனிமய மாதா ஆலயத்தின் தங்கத்தேர் 1806இல் அப்படியொரு தலைவரின் முயற்சியால் ஓடியது. பிறப்பு பதவியைத் தந்தது. மதிப்பை வேலைதான் தந்தது.

‘எதிர்நீச்சல்’ இயக்குநர் திருச்செல்வம், 2003இல் தொடங்கிய ‘கோலங்கள்’ தொடரிலேயே, தலைமைக்கு மதிப்பைத் தருவது வேலைதான் என்பதைத் தொட்டிருக்கிறார். தந்தை கைவிட்ட குடும்பத்தைத் தேவயானி நடித்த அபி தாங்கினார், தொழிலையும் வளர்த்தார். அபியா, ஈஸ்வரியா என்று கேட்டால் பழைய ரசிகர்கள் அபியைத்தான் சொல்வார்கள்.