தாய் தரும் முதற்கவசம்

கருவறையில் வளரும் குழந்தைக்கு உணவையும் உயிர்வளியையும் அளிக்கும் நஞ்சுக்கொடி, நோய் எதிர்ப்பாற்றலையும் சேர்த்தே அளிக்கிறது. தாயின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்களுள் 'ஐஜிஜி' என்னும் வகை மட்டுமே நஞ்சுக்கொடியைக் கடந்து சேயைச் சென்றடைகிறது. பேறுகாலத்தின் இறுதி மூன்று மாதங்களில் இது மிகுதியாக நிகழ்வதால், குறைமாதத்தில் பிறக்கும் குழந்தை இக்காப்பைக் குறைவாகவே பெறுகிறது. தாயிடமிருந்து சேய்க்கு எதிர்ப்பாற்றல் செல்வதை, செருமானிய அறிஞர் பால் எர்லிக் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து 1892ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

பச்சிளங்குழந்தையும் இரணசன்னியும்

இரணசன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் உள்ளன. தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுத்தால் அவை குழந்தையின் உடலுள் புகும். பிறந்தவுடன் நன்கு பால் குடித்த குழந்தை, சில நாள்களில் தாடை இறுகிப் பால் குடிக்க இயலாமல் துன்புறும். உடல் வில்லாய் வளையும். உரிய மருத்துவம் கிட்டாவிடில் பிழைப்பது அரிது. பிறந்தபின் குழந்தைக்குத் தடுப்பூசி இட்டாலும், போதிய எதிர்ப்பொருள் உருவாகப் பல வாரங்களாகும். நோய் அதுவரை காத்திராது. ஆகவேதான் தாய்க்கு முன்னரே தடுப்பூசி இடப்படுகிறது.

கருவுற்றதை அறிந்தவுடன் இரணசன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய இரண்டையும் தடுக்கும் ஊசியின் முதல் தவணையும், நான்கு வாரங்களுக்குப்பின் இரண்டாம் தவணையும் இடப்படும். வலுக்குறைத்த உயிர்க்கிருமிகளைக் கொண்ட தட்டம்மைத் தடுப்பூசி போன்றவை கருவுற்றோர்க்கு இடப்படுவதில்லை.

வென்றும் ஓயாத பணி

ஒவ்வொரு மாவட்டத்திலும் 1000 உயிர்ப்பிறப்புகளுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே பச்சிளங்குழந்தை இரணசன்னி இருத்தல் வேண்டும் என்னும் இலக்கை இந்தியா 2015ஆம் ஆண்டில் எட்டியது. எனினும், பெரியம்மையைப் போல இதனை அடியோடு ஒழித்தல் இயலாது. பெரியம்மை மனிதரிடையே மட்டும் பரவியது; இரணசன்னியின் வித்தோ மண்ணிலேயே தங்கியிருக்கிறது. எனவே, ஒவ்வொரு தலைமுறைத் தாய்க்கும் இவ்வூசி தேவை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளிலும் பிறமாநிலத் தொழிலாளர் பலர் குடும்பத்துடன் உழைக்கின்றனர். முதல் தவணையை ஓரூரில் பெற்றவர், இரண்டாம் தவணைக்குள் வேற்றூர் செல்ல நேரலாம். தாய்சேய் நல அட்டையைக் கையோடு கொண்டு சென்றால், எத்தவணை எஞ்சியுள்ளது என்பதை எவ்வூர்ச் செவிலியரும் அறிவார். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவ்வூசி கட்டணமின்றி இடப்படுகிறது.

கவசம் தேயும் முன்னே

பிறந்தபின் சீம்பாலிலுள்ள 'ஐஜிஏ' என்னும் எதிர்ப்பொருள் குழந்தையின் குடலைக் காக்கிறது. தாய் தந்த 'ஐஜிஜி' சில மாதங்களில் படிப்படியாகக் குறையும். அதற்குள் குழந்தை தானே எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ள 6, 10, 14ஆம் வாரங்களில் தடுப்பூசிகள் இடப்படுகின்றன. தாய் கடனாகத் தந்த கவசத்தைச் சேய் தன் உடைமையாக்கிக்கொள்ளும் காலம் அது. அக்காலத்தைத் தவறவிடாமல் காப்பது குடும்பத்தின் கடமை, சமூகத்தின் கடமையுமாகும்.