வகுப்புக்கு நடுவே ஆராய்ச்சி

அரக்கோணம் ரயில் பாதையில் திருநின்றவூர் தாண்டினால் வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர். வழிநெடுகக் கல்லூரிகள். அங்கே பாடம் நடத்தும் இளம் உதவிப் பேராசிரியர்களுக்கு ஒரே கவலை: பேப்பர் போட வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

யுஜிசியின் 2018 விதிப்படி வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு. அதற்கு மேல் விடைத்தாள், இன்டர்னல் மார்க், நாக் தர மதிப்பீட்டுக் கோப்புகள். இதற்கிடையில் ஆராய்ச்சி நடக்குமா? நடந்திருக்கிறது.

எஸ்.எஸ்.பிள்ளை 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணித விரிவுரையாளர். எந்த எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத அதிகபட்சம் எத்தனை எண்கள் வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று. 1, 64, 729 என்று போகும் வரிசை அது. 703-ஐ எடுத்துக்கொள்வோம். 729 பெரியது, உதவாது. பத்து 64 சேர்த்தால் 640; மிச்சத்துக்கு 63 ஒன்றுகள். ஆக 73. இதைப் பள்ளி மாணவரும் போட்டுவிடுவார். எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று நிறுவுவதுதான் கடினம். பிள்ளை அதை 1940-ல் நிறுவினார். இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய கேள்வி, விடாமல் அதன் பின்னாலேயே போகும் பிடிவாதம். தொடக்கத்துக்கு இவை போதும்.

கேள்வி ஊரிலேயே இருக்கிறது

1863-ல் நிலவியல் துறைப் பணியில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டார். அவற்றில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுக்கு முந்தையவை என்று சாந்தி பப்பு குழு 2011-ல் அறிவித்தது. இன்றைய கேள்விகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் செவ்வாப்பேட்டைக் கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு மாறுகிறது? கயிறும் அளவுநாடாவும் கொண்டு மாணவர்களோடு வாரம் ஒரு முறை, அதே கிணறுகளில் அளந்து தேதியோடு குறித்துவந்தால், இரண்டு மழைக்காலத்தில் வேறு யாரிடமும் இல்லாத தரவு கையில் இருக்கும்.

படிக்க வழி? 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிட்டது. ஆனால் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்கள் 'ஷோத்கங்கா' இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். தங்கள் தலைப்பில் ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள் என்பது அங்கேயே பெருமளவு தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பணம் கட்டினால் மூன்றே நாளில் பேப்பர் வெளியிடுகிறோம் என்று அழைக்கும் ஜர்னல்கள் பக்கம் போகவே கூடாது. யுஜிசி தன் 'கேர்' ஜர்னல் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இனி தரம் பார்க்கும் பொறுப்பு ஆசிரியருடையது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையிலேயே அந்தத் துறையினரா, பழைய இதழ்களில் வந்த கட்டுரைகள் படிக்கும்படி இருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதிச் சாயம் வெளுத்துவிடும்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பேப்பர் எத்தனை என்று கேட்பதற்கு முன், கால அட்டவணையில் வாரம் அரை நாளை ஆராய்ச்சிக்கென்று ஒதுக்குங்கள். நேரம் கொடுக்காமல் பேப்பர் மட்டும் கேட்டால், போலி ஜர்னல்கள்தான் பிழைக்கும்.