கடலின் பயிரும் பருவக்காற்றும்

வயலில் நெல் விளைவதுபோலக் கடலிலும் ஒரு பயிர் விளைகின்றது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய தாவரங்களே அப்பயிராகும். இவை தாவரப் பிளாந்தன்கள் எனப்படும். உலகில் நடைபெறும் ஒளித்தொகுப்பில் ஏறக்குறைய அரைப்பங்கு இவற்றாலேயே நடைபெறுகின்றது. இவற்றை நுண்ணிய விலங்குகளும், அவற்றைச் சாளை, நெத்தலி முதலிய சிறு மீன்களும், அம்மீன்களைப் பெரு மீன்களும் உண்டு வாழ்கின்றன. ஆதலால் மீனவர் வலையிற் சேரும் மீன் இப்பயிரின் விளைச்சலைப் பொறுத்ததாகும்.

ஒளியும் பசளையும்

வெப்பவலயக் கடல்களில் ஆண்டு முழுவதும் வெயிலுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றின் பெரும்பகுதி விளைவு குன்றியே காணப்படும். பசளைக் குறைவே இதற்குக் காரணம். மேல்நீரிலுள்ள நைத்திரேற்றும் பொசுபேற்றும் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. இறந்த உயிர்களின் எச்சங்கள் ஆழத்திற்குத் தாழ்ந்து, உக்கி, அங்கேயே பசளையாகச் சேர்கின்றன. வெயிலாற் சூடேறிய மேல்நீர் பாரங்குறைந்தது. கீழுள்ள குளிர்நீர் பாரங்கூடியது. ஆகவே இவ்விரண்டும் எளிதிற் கலப்பதில்லை. ஒளி மேலும் பசளை கீழுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

சோழகம் செய்யும் உழவு

யூன் முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றாகிய சோழகம் இலங்கையின் தென்கரையோரமாக மேற்கிலிருந்து கிழக்கே வீசுகின்றது. பூமியின் சுழற்சியினால், வடகோளத்தில் மேல்நீர் காற்றுச் செல்லும் திசைக்கு வலப்புறமாக விலகும். அஃதாவது இங்கே கரையைவிட்டுத் தெற்கே செல்லும். அவ்விடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் பசளையுடன் மேலெழும். கீழ்மண்ணைப் புரட்டும் உழவை ஒத்தது இச்செயல். அப்பொழுது தென்கடல் பசுமை பெறும். பருவக்காற்று நீரோட்டம் அவ்வளத்தைக் கிழக்கே கொண்டுசென்று வங்காள விரிகுடாவிலும் சேர்க்கும்.

நன்னீர் மூடி

வங்காள விரிகுடாவிற் கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆகிய ஆறுகள் பெருந்தொகையான நன்னீரைச் சேர்க்கின்றன. உப்புக்குறைந்த இந்நீர் மேலே மூடிபோல் மிதப்பதாற் காற்று ஆழத்து நீரைக் கலக்குதல் அரிதாகின்றது. எனவே இவ்விரிகுடா அரபிக்கடலிலும் விளைவு குறைந்தது. சூறாவளி அம்மூடியைக் குலைத்தபின் சின்னாட்களுக்குப் பசுமை தோன்றுவதுண்டு.

காற்று மாறினால்

1997ஆம் ஆண்டில் இந்து சமுத்திரத்தின் காற்றோட்டம் பெரிதும் மாறியது. சுமாத்திராவை அடுத்த கடலிற் குளிர்நீர் வழக்கத்திற்கு மாறாக மேலெழுந்தது. பிளாந்தன்கள் அளவிறந்து பெருகின. மெந்தாவாய்த் தீவுகளின் பவளப்பாறைகளும் மீன்களும் மடிந்தன. காட்டுத்தீயின் புகையிலிருந்த இரும்பும் அப்பெருக்கிற்கு உதவியது என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பசளைக் குறைவைப்போல மிகையும் கேடே என்பதற்கு இது சான்றாகும். மறுபுறம், கடல் சூடேறுந்தோறும் மேல்நீரும் கீழ்நீரும் கலப்பது மேலும் அரிதாகிப் பயிர் குன்றும்.

கமக்காரரும் மீனவரும் கவனிக்க வேண்டியவை

1. பசளையை ஒரேமுறையில் இடாது, பிரித்து இடுக. பெருமழைக்கு முன் இடுவதைத் தவிர்க்க. வயலிலிருந்து கழுவிச் செல்லும் பசளை களப்புகளிற் பாசியைப் பெருக்கும். அப்பாசி அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் மடியும்.

2. பசளையிட்டபின் வயலின் வாய்க்கடையை அடைத்து, நீர் வெளியேறாது காக்க.

3. கடல்நீர் செந்நிறமாகவோ பழுப்பாகவோ மாறி மீன்கள் இறந்து மிதக்குமாயின், அவ்விடத்து மட்டி, சிப்பி முதலியவற்றை உண்ணலாகாது. சமைப்பதால் அவற்றிலுள்ள நஞ்சு நீங்காது.

வயலில் இட்ட பசளை வயலிலேயே நின்றாற் கமக்காரனுக்குப் பணம் மிஞ்சும்; களப்பை நம்பி வாழும் மீனவனுக்கும் தொழில் நிலைக்கும்.