வீட்டோடு ஊர் செல்வோம்

அமீர்பேட்டில் வாழும் தமிழர்களாகிய நம்மிற் பலர் ஆண்டுக்கொரு முறையேனும் ஊர் சென்று வருகின்றோம். மாலையில் பேருந்தில் ஏறி அமர்கின்றோம். கண் விழிக்குங்கால் தமிழ்நாட்டு எல்லை அணுகிவிடுகின்றது. இங்குப் பிறந்த நம் குழந்தைகளுக்கோ, ஊர் என்பது ஓர் இரவு உறக்கத்தின் மறுமுனை. இடையிலுள்ள நிலத்தை அவர்கள் அறியார். முழங்கால் நோவுடைய முதியோர் அவ்விரவுப் பயணத்திற்கு அஞ்சி, ஊர்ப் பேச்சையே விட்டுவிடுகின்றனர். இவ்விரு சாராரையும் கருதியே வீட்டு வண்டிப் பயணத்தை எண்ணிப் பார்க்கின்றோம்.

திரைப்படத் தொழிலினர் கேரவன் என வழங்கும் வண்டியே இது. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பறை யாவும் உள்ளேயே அமைந்திருக்கும். மேலைநாடுகளில் இவ்வண்டிகள் இரவில் தங்குதற்கென்றே நீரும் மின்சாரமும் உள்ள திடல்கள் பல உண்டு. கேரள அரசு 2021இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. நாம் செல்லும் சாலையிலோ அத்தகைய திடலை நம்பிப் புறப்படலாகாது. ஆதலின் ஒவ்வோர் இரவும் வண்டி நிற்குமிடத்தை விடுதி வளாகங்களில் முன்னரே கேட்டு உறுதி செய்தலே முதல் வேலை. வாடகை வண்டியாயின், வழியிலுள்ள நான்கு மாநிலங்களுக்கும் அனுமதி உண்டா என்பதையும் விசாரித்துக்கொள்க.

ஐதராபாத்திலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 650 கிலோமீட்டர். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நேரே கொண்டு சேர்க்கும். இதனை நான்கு பகல்களாகப் பகுத்துக்கொள்வோம். இருட்டிய பின் வண்டி ஓட வேண்டா. வெயில் தணிந்த மார்கழியும் தையும் ஏற்றவை.

முதல் நாள் ஆலம்பூர். துங்கபத்திரைக் கரையில் பாதாமிச் சாளுக்கியர் எழுப்பிய ஒன்பது கோயில்கள் நவபிரம்மா எனப் பெயர் பெற்றன. ஆயினும் எழுந்தருளியிருப்பவர் சிவபெருமானே. மாமல்லபுரம் கண்டவர்க்கு, பல்லவரின் பகைவரும் கல்லில் சளைத்தவரல்லர் என்பது இங்கே விளங்கும். மாலை முழுவதும் இங்கேயே கழியட்டும்.

மறுநாள் கர்நூலைக் கடந்து குத்தி. சென்னைத் தீவுத்திடலருகே அங்கவடியில்லாக் குதிரைமேல் வீற்றிருக்கும் மன்றோவை நாம் அறிவோம். 1827இல் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மாண்ட அவரை முதலில் அடக்கம் செய்த இடம் இவ்வூரே. சேலம், கிருஷ்ணகிரி பகுதிகளை உள்ளடக்கிய பாராமகாலில் அவர் முன்னரே பணியாற்றியவர். ஆக, நாம் செல்லும் வழியிலுள்ள இப்பகுதிகள் அவர் அறிந்தவை. குன்றின்மேற் கோட்டைக்குப் பிள்ளைகள் ஏறட்டும். பாட்டி கீழே வண்டியில் கால் நீட்டிப் படுத்திருக்கலாம். இவ்வசதி எந்தப் பேருந்தில் உண்டு?

அனந்தப்பூரில் இரவு தங்கி, மூன்றாம் நாள் லேபாட்சி. விசயநகர காலத்து வீரபத்திரர் கோயிலில் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் தூணின் அடியில் துணியைச் செலுத்தி மறுபுறம் இழுத்தெடுப்பர். விதானத்து ஓவியங்களை அண்ணாந்து பார்க்கக் கழுத்து நோகும், பொருட்படுத்த வேண்டா.

நான்காம் நாள் பெங்களூர் நெரிசலைப் பொறுமையுடன் கடந்தால் ஓசூர். அங்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தொடங்குகின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையை அப்போது முன்னிருக்கையில் அமர்த்துக.